தெண்டி வெள்ளமும் கருங்கல்லும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரச் சாலையில் போகிறவர்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் கருங்கல் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். கடல் ஊருக்குள் ஏறாமல் இருக்க லாரி லாரியாகக் கல்லைக் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகள் அவை. எங்கள் குப்பத்தில் கல்லு என்று சொன்னால் போதும். விடியற்காலையில் படகைத் தள்ளும்போது பக்கத்துப் படகுக்காரர் கேட்கும் கேள்வி இதுதான்: “கல்லுக்கா, தூரமா?” தூரம் என்றால் வலை, நிறைய எண்ணெய், நாலு ஆள். கல்லு என்றால் கைத்தூண்டில், ரெண்டு ஆள், கொஞ்ச நேர ஓட்டம். நான் பெரும்பாலும் கல்லுக்குப் போகிறவன். அந்தத் தொழிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கொட்டிய புதிதில் கல்லில் மீன் நிற்காது. முதலில் பாசி பிடிக்கும். பிறகு கொட்டலசும் சிப்பியும் ஒட்டும். இடுக்குகளில் நண்டு குடியேறும். பாசி மேய மடவைக் குஞ்சும் ஓராவும் வரும். இவை கூட்டம் கூட்டமாகத் திரிய ஆரம்பித்த பிறகுதான் அவற்றைத் தின்கிற பாறை, கொடுவா, களவான், சங்கரா எல்லாம் கல்லைத் தேடி வரும். எங்கள் கடலடி கரையோரத்தில் பெரும்பாலும் மணலும் சேறும்தான். அப்படிப்பட்ட இடத்தில் கல் விழுந்தால் அது மீனுக்கு வீடாகிறது. இதைப் படித்தவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, கல் வந்த பிறகு கண்ணால் பார்த்தோம்.

ஆனால் கல் முழுக்க மீன் நிற்பதில்லை. ஒரு கல்லில் மீன் நிற்கிற இடம் சில பாகம்தான் இருக்கும், அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும். மாற்றுவது வெள்ளம். நீரோட்டத்தை நாங்கள் வெள்ளம் என்போம். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே இறங்குவது வன்னி. தை கழிந்து வெயில் ஏறத் தொடங்கினால் தெண்டிதான் ஆட்சி. ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பியதும் வன்னி வந்துவிடும். நடுவில் வெள்ளம் செத்துக் கிடக்கிற நாள்களும் உண்டு. அன்றைக்குக் கல்லுக்குப் போய்ப் பிரயோசனம் இல்லை, வலையைத் தைக்கலாம்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமன். அப்பா கட்டுமரக்காரர், தூரம் போகிறவர், அவருக்குக் கல்லில் விருப்பமில்லை. மாமாதான் என்னைப் படகின் முன்முனையான அணியத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். முதல் நாள் கல் முனைக்குப் போனதும் நான் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டேய், கல்ல இன்னா பாக்கற? நுரை எங்க போவுதுன்னு பாரு.”

“நுரை போவல மாமா, நிக்குது.”

“அப்ப அங்க போடு.”

நுரை நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. தெண்டி வெள்ளம் வடக்கே ஓடி வந்து கல்லில் முட்டுகிறது. நேராகப் போக வழியில்லாமல் முனையைச் சுற்றி வளைகிறது. வளையும் இடத்தில் அதன் வேகம் கூடும். முனையைத் தாண்டியதும் கல்லுக்கு வடபுறத்தில் தண்ணீர் தளர்ந்து, கொஞ்சம் பின்னோக்கித் திரும்பிச் சுழலும். ஓடுகிற தண்ணீரும் தளர்ந்த தண்ணீரும் உரசுகிற கோட்டில்தான் நுரையும் சருகும் பிளாஸ்டிக்கும் வரிசை கட்டி நிற்கும். மீன் தளர்ந்த பக்கத்தில் வாலை ஆட்டாமல் நின்றுகொண்டு, ஓடுகிற பக்கத்தைப் பார்த்து வாயை வைத்துக் காத்திருக்கும். இறாலோ நெத்திலியோ அடித்துக்கொண்டு வந்தால் ஒரு பாய்ச்சல் பாய்ந்து கவ்விக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். வன்னி வந்துவிட்டால் இத்தனையும் அப்படியே கல்லின் தென்புறத்துக்கு மாறும். வெள்ளம் மாறியது தெரியாமல் போன வாரம் மீன் கொடுத்த இடத்திலேயே தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைக் கடலில் நிறையப் பார்க்கலாம்.

மேலே தெரிகிற கோட்டை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. அடியையும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லின் தென்பக்கம் மணல் சேர்ந்து மேடாகியிருக்கும். வடபக்கம் அரித்துப் பள்ளமாகியிருக்கும். முனைக்கு நேர் கீழே, வெள்ளம் வளைகிற வேகத்தில் மணலைத் தோண்டி எடுத்த குழி ஒன்று இருக்கும். பெரிய மீன் பகலில் அந்தக் குழியில்தான் படுத்திருக்கும். குழியைக் கண்டுபிடிக்க இரை மாட்டாமல் ஈயத்தை மட்டும் இறக்கித் தட்டிப் பார்ப்பேன். தூண்டில் நரம்பு ஆள்காட்டி விரலின் மேல் ஓட வேண்டும். மணலில் விழுந்தால் மெத்தென்று இருக்கும். கல்லில் விழுந்தால் டக்கென்று விரலில் அடிக்கும். சேற்றில் விழுந்தால் ஈயத்தைத் தூக்கும்போது யாரோ பிடித்து வைத்துக்கொண்டு விடுகிற மாதிரி ஒரு இழுப்பு தெரியும். மணல், மணல், மணல் என்று வந்து திடீரென்று நரம்பு இரண்டு முழம் கூடுதலாக இறங்கினால் அதுதான் குழியின் விளிம்பு. கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்து அந்த இடத்தை மனதில் எழுதிக்கொள்வோம். இப்போது பையன்கள் போனில் குறித்துக்கொள்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் ஒரு புயல் அடித்தால் குழி இடம் மாறிவிடும். போன் காட்டுகிற இடத்தில் மணல் இருக்கும். மறுபடி தட்டித்தான் பார்க்க வேண்டும்.

படகை எங்கே நிறுத்துவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அலை கடலிலிருந்து வந்து கல்லில் அடிக்கிறது. அடித்த அலை அங்கேயே முடிந்துவிடுவதில்லை, திரும்பி வருகிறது. வருகிற அலையும் திரும்புகிற அலையும் மோதும் இடத்தில் தண்ணீர் மேலே எகிறும். அந்த இடத்தில் ஃபைபர் படகு எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் படகு அந்த இடத்துக்குள் போகவே கூடாது. முனையிலிருந்து மூன்று படகு நீளம் தள்ளி நிற்பது எங்கள் வழக்கம். கடல் கொஞ்சம் எழும்பியிருந்தால் ஐந்து. இரையை எறிந்து எட்ட வைக்கலாம், படகைக் கொண்டுபோய் எட்ட வைக்கக் கூடாது.

நங்கூரத்தைக் கல்லில் போடக்கூடாது. கடல்பக்கம் தள்ளிப் போய் மணலில் போட்டு, அணியம் அலையைப் பார்த்தபடி இருக்க, கயிற்றை மெல்ல விட்டு விட்டுப் பின்னால் வந்து நிற்க வேண்டும். கயிற்றை அணியத்தில் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போட வேண்டும். கயிற்று நுனியில் ஒரு மிதவை கட்டியிருக்கும். பெரிய அலை வருவது தெரிந்தால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு இருக்க நேரம் கிடையாது. முடிச்சை இழுத்து, மிதவையைக் கடலில் எறிந்துவிட்டு, இஞ்சினைத் தட்டி வெளியே போய்விட வேண்டும். கடல் அடங்கியதும் வந்து மிதவையைப் பிடித்து நங்கூரத்தை எடுத்துக்கொள்ளலாம். எடுக்க முடியாமல் போனாலும் ஒரு நங்கூரம்தானே.

முனைக்கு அருகே சிதறிய கற்கள் மணலுக்குள்ளும் கிடக்கும். அதற்காக நங்கூரத்தின் கயிற்றை மேல் வளையத்தில் கட்டாமல் அடிப்பக்கத்தில், கொக்கிகள் சேரும் இடத்தில் கட்டுவோம். பிறகு மேல் வளையத்தோடு அதே கயிற்றை மெல்லிய சணலால் ஒரு சுற்றுச் சுற்றி வைப்போம். சாதாரணமாக நங்கூரம் நேராகப் பிடிக்கும். கல்லில் மாட்டிக்கொண்டபோது பலமாக இழுத்தால் சணல் அறும். இழுப்பு அடிப்பக்கத்துக்குப் போய், மாட்டிய வழியிலேயே நங்கூரம் பின்னோக்கி வெளியே வரும்.

தூண்டிலிலும் அதே யோசனைதான். கல்லில் தூண்டில் போடுகிறவன் முள்ளையும் ஈயத்தையும் கடலுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஈயம்தான் இடுக்கில் சிக்கும். அதனால் பெரிய நரம்பின் நுனியில் முள்ளை வைத்து, ஈயத்தைத் தனியாக ஒரு மெல்லிய நூலில் தொங்கவிடுவோம். சிக்கினால் நூல் அறுந்து ஈயம் போகும், முள்ளும் அதில் மாட்டிய மீனும் மேலே வந்துவிடும். ஈயத்துக்குக் காசு போடுவதற்குப் பதில் ஆட்டோ மெக்கானிக் கடையில் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கை வாங்கி வைத்துக்கொள்வோம். எடை சரியாக இருக்கும், அதன் வாயில் நூலைக் கட்டவும் வசதி.

இரையில் உயிருள்ள இறாலுக்கு மிஞ்சியது இல்லை. மடவைக் குஞ்சு கிடைத்தால் கொடுவாவுக்கு அது. கடம்பாத் துண்டு முள்ளில் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும், சின்ன மீன் கொத்தி எடுக்க முடியாது. சங்கராவுக்கும் களவானுக்கும் அது போதும்.

மீன் கடித்த பிறகு நடப்பது ஒரு நிமிட வேலை. பாறை மாட்டினால் அது வேறு எங்கும் போகாது, நேராகக் கல்லுக்குள் போகும். முதல் சில முழத்தில் தலையைத் திருப்பாவிட்டால் நரம்பு கல்லில் உரசி அறுந்துபோகும். இங்கே இரண்டாவது ஆளின் வேலை ஆரம்பிக்கிறது. “அடிச்சிடுச்சு” என்று குரல் கொடுத்ததும் அவன் அணியத்தில் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இழுப்பான். படகு கடல்பக்கம் நகரும். தூண்டில்காரன் நரம்பை விடாமல் பிடித்திருந்தால் போதும், படகே மீனைக் கல்லிலிருந்து பிரித்து வெளியே கொண்டுவந்துவிடும். வெளியே மணல் தரைக்கு வந்துவிட்ட பாறையோடு பொறுமையாக விளையாடலாம். கையில் பழைய சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொள்வது நல்லது. நரம்பு விரலை அறுத்தால் உப்புத் தண்ணீரில் அந்தக் காயம் லேசில் ஆறாது.

கொடுவா வேறு மாதிரி. அது பொழுது சாய்ந்த பிறகு, தண்ணீர் ஏறுகிற நேரத்தில் கடிக்கும். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் வெள்ளம் பலமாக இருக்கும், அந்த நாள்கள் அதற்கு உகந்தவை. மேலே வந்து எகிறித் தலையை உதறும். டார்ச் வெளிச்சம் பட்டால் அதன் கண் சிவப்பாக எரியும். படகுக்குள் வந்ததும் புதியவர்கள் செவுளைப் பிடித்துத் தூக்கப் போவார்கள். கூடவே கூடாது. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு பிளேடு மாதிரி. நரம்பையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத் தூக்க வேண்டும். கெளுத்தி மாட்டினால் இன்னும் கவனம். அதன் முள் குத்தினால் கடுத்துத் துடிக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீருக்குள் கையை வைத்தால்தான் வலி இறங்கும். அதற்காகவே பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோகிறவர்கள் எங்களில் உண்டு.

கொடுவாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அது முதலில் ஆணாக இருந்து, வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். ஆக, ஏலத்தில் எல்லோரும் வாய் பிளந்து பார்க்கிற பெரிய கொடுவா ஏறக்குறைய எல்லாமே முட்டையிடுகிற தாய். குஞ்சையும் விட்டு, மிகப் பெரியதையும் விட்டு, நடுவில் உள்ளதை எடுப்பதுதான் கல்லுக்கு நல்லது என்பது என் கருத்து. பெரிய மீன் ஒன்றின் விலையில் ஒரு மாத வீட்டு வாடகை அடையும் என்கிறபோது இந்தக் கருத்தை அடுத்தவன் மேல் திணிக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இந்தக் கல் ஏன் வந்தது என்று தெரியாமல் அதில் மீன் பிடிக்கக் கூடாது என்று மாமா சொல்வார். சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் கல் போடும் வேலை 1875-இல் தொடங்கியது. 1881-இல் அடித்த புயலில் அதன் பெரும்பகுதி இடிந்தது. திரும்பக் கட்டினார்கள். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் தெண்டியும் தென்கிழக்கு அலையும் கரையோர மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அந்த மணலை வழியில் நிறுத்தியது. நின்ற மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. துறைமுகத்தின் கிழக்கு வாயிலேயே மணல் மூட ஆரம்பித்து, பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தின் தலைவராக இருந்த காலத்தில் அதை அடைத்து வடகிழக்கில் புதிய வாயைத் திறக்க வேண்டியிருந்தது. தெற்கே நின்றுபோன அந்த மணல் வடக்கே எங்களுக்கு வரவேண்டியது. வரவில்லை. ஆனால் எங்கள் மணலை வெள்ளம் வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனது. ராயபுரத்திலிருந்து வடக்கே கரை தேய்ந்தது இப்படித்தான். கட்டுமரம் ஏற்றி வைத்த இடம், வலை காயப்போட்ட இடம், தெரு, வீடு என்று கடல் ஒவ்வொன்றாக எடுத்தது. அதைத் தடுக்கத்தான் 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே வரிசையாகத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள்.

கல் எங்கள் தெருவைக் காப்பாற்றியது உண்மை. இரண்டு கல்லுக்கு நடுவில் கொஞ்சம் மணலும் திரும்பி வந்தது. ஆனால் கடைசிக் கல்லுக்கு வடக்கே இருக்கிற குப்பத்துக்கு என்ன ஆகும்? துறைமுகம் எங்களுக்குச் செய்ததைக் கல் அவர்களுக்குச் செய்யும். இது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை, கல்லின் தென்பக்க மேட்டையும் வடபக்கப் பள்ளத்தையும் ஈயத்தால் தட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

வெள்ளம் கல்லில் எதையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும் என்பதை 2017-இல் எல்லோரும் பார்த்தார்கள். ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பல் எண்ணெய் கடலில் கொட்டியது. அப்போது ஓடியது வன்னி. எண்ணெய் தெற்கே இறங்கி வந்து எர்ணாவூர்க் கல்லின் மடியில் தேங்கி நின்றது. திறந்த கரையில் பரவியிருக்க வேண்டியது, கல்லுக்குள் கூழாகக் கெட்டித்துப்போனது. இயந்திரம் இழுக்க முடியாமல் பையன்கள் வாளியில் மொண்டு கைமாற்றிக் கைமாற்றி எடுத்தார்கள். மீன் எந்த மூலையில் நிற்குமோ அதே மூலையில்தான் எண்ணெயும் நின்றது. ஒட்டியிருந்த சிப்பியும் நண்டும் கறுத்துச் செத்தன. எங்கள் மீனை வாங்கக் கொஞ்ச நாள் ஆள் இல்லை.

வருமானம் என்று பார்த்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. எங்களைப் போன்ற சிறு படகுகள் அப்போதும் போகலாம். காசிமேட்டில் பெரிய படகுகள் கட்டிக் கிடக்கும்போது கல்லு மீனுக்கு நல்ல விலை. மற்ற மாதங்களில் கரையிலேயே காத்திருக்கும் அம்மாமார்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தூண்டிலில் பிடித்த மீன் வலையில் நசுங்காதது, செதில் உதிராதது, அதைப் பார்த்தே கண்டுபிடித்து இரண்டு பத்து கூடக் கொடுக்கிற வாடிக்கைக்காரர்கள் உண்டு. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்று 1983-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் ஒழுங்காக நடந்தாலே கல்லில் மீன் குறையாது.

விடுமுறை நாளில் தூண்டில் கம்போடு கல்லின் மேல் ஏறி நிற்கிற இளைஞர்கள் இப்போது அதிகம். வரட்டும், கடலைத் தெரிந்துகொள்ளட்டும். அலை வராத மாதிரி தோன்றும் நேரம் பத்து நிமிடம்கூட நீளும். பிறகு மூன்று நான்கு பெரிய அலை சேர்ந்தாற்போல வரும். கல் பாசி பிடித்துக் கறுத்திருந்தால் அதுவரைக்கும் தண்ணீர் ஏறுகிறது என்று பொருள், அதற்குக் கீழே கால் வைக்காதீர்கள். அறுந்த நரம்பைக் கல்லிடுக்கில் விட்டுப் போகாதீர்கள், எங்கள் இஞ்சின் விசிறியில் அது சுற்றிக்கொண்டால் படகு நேராகக் கல்லுக்குத்தான் போகும். எங்கள் பையன்களுக்கும் சொல்கிறேன்: கரைக்குப் பக்கம்தானே என்று லைஃப் ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். நீந்தத் தெரிந்தவனும் கல்லில் மண்டை இடித்தால் நீந்த மாட்டான்.

புதிய கல் போடத் திட்டம் தீட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்தோடு வாருங்கள், தெண்டிக் காலத்தில் ஒருமுறையும் வன்னிக் காலத்தில் ஒருமுறையும் எங்கள் படகில் ஏறி முனையைச் சுற்றிப் பாருங்கள். படகு கரையேற இரண்டு கல்லுக்கு நடுவில் எவ்வளவு இடம் வேண்டும் என்று படகு ஓட்டுகிறவனைக் கேளுங்கள். கல் கேட்கிற குப்பத்தில் மட்டும் கையெழுத்து வாங்காமல், அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்திலும் போய்க் கேளுங்கள்.